எறும்புக்கும் ஒரு பெயர் வேண்டும்

கந்தப்பளையில் மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. தோட்டத்து முன்பள்ளிக் கட்டடத்தில் நாங்கள் நடத்தும் சிறுவர் கழகத்துக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். தரம் ஏழில் படிக்கும் ஒரு சிறுமி நெருப்புப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"மிஸ், இது என்ன எறும்பு?"

திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று செத்த எறும்புகள். கரட் பாத்தி ஓரத்தில் கல்லைப் புரட்டியபோது அகப்பட்டனவாம்.

"எறும்புதான்" என்றேன்.

"எறும்புன்னு தெரியும் மிஸ். எந்த எறும்பு?"

கூடவே வந்திருந்த அவளுடைய அப்பாயி சிரித்துவிட்டார். "பேரு தெரிஞ்சு என்னாத்துக்கு? கடிச்சா வலிக்கும், அம்புட்டுத்தான்."

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு விட்டுவிட்டவள். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தெரிந்த விஞ்ஞான ஆசிரியை ஒருவரிடம் கேட்டு, கிடைத்த நூல்களைப் புரட்டி, கைவில்லை ஒன்றையும் இரவல் வாங்கி, சில மாதங்களாக எறும்போடு மாரடித்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெண்கள் சஞ்சிகையில் எறும்புக்கு என்ன வேலை என்று சில சகோதரிகள் நினைக்கலாம். வரிசையில் போகும் எறும்புகளைப் பார்த்திருப்பீர்கள். சீனி டப்பாவைத் தேடி வருவது, செத்த கரப்பானை இழுத்துச் செல்வது, கூட்டைக் காப்பது, குஞ்சுகளுக்கு ஊட்டுவது என்று நாம் காணும் அத்தனை வேலையாளும் பெண்தான். ஆண் எறும்புக்குச் சிறகு உண்டு. ராணியோடு கூடும் காலத்தில் வெளியே வரும், பிறகு சில நாட்களில் செத்துப்போகும். கொழுந்து மலையையும் லயத்து அடுப்படியையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நம்மிடம் இருந்த பெயர்கள்

எறும்புக்கு நாம் பெயரே வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கட்டெறும்பு, சிற்றெறும்பு, சுள்ளெறும்பு, செவ்வெறும்பு என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாமரத்து இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் சிவப்பெறும்பை முசுறு என்பார்கள். சிங்களத்தில் அதுவே திமியா. கீழ்நாட்டு வெப்பத்தில் வாழ்கின்ற அதை நம்முடைய குளிர்ப் பக்கம் காண்பதற்கில்லை. பொதுவாகவே உயரம் ஏற ஏற எறும்பு வகைகள் குறைந்துகொண்டு போகும். ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் கந்தப்பளையில் ஒரு பிள்ளை கல்லைப் புரட்டி எறும்பு தேடியது, இரத்தினபுரியில் தேடுவதைவிடக் கொஞ்சம் கடினமான வேலைதான்.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்து தப்பிப்போன ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தனது நூலில் இங்குள்ள எறும்புகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கும்பியா, திமியா, கடியா, வேயா என்று கிராமத்து மக்கள் சொன்ன பெயர்களையே அவர் பதிந்து வைத்தார். எது எங்கே கூடு கட்டும், எது கடித்தால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஊசியில் குத்தி வைத்துப் பெயர் சூட்டுவதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கே ஒரு வகைப்பாடு இருந்திருக்கிறது.

அந்தப் பட்டியலில் உள்ள வேயா என்பது நாம் சொல்லும் கறையான். ஆங்கிலத்திலும் அதை வெள்ளை எறும்பு என்றே சொல்லி வந்தார்கள். உண்மையில் கறையான் எறும்பே அல்ல. அது கரப்பானின் உறவு. எறும்பின் உறவு யார் என்றால் குளவியும் தேனீயும். கூட்டமாக வாழ்வதையும் புற்றுக் கட்டுவதையும் பார்த்து நாம் ஒரு உறவு சொல்கிறோம், உடம்பைத் திறந்து பார்த்தவர்கள் வேறு உறவு சொல்கிறார்கள்.

இடுப்பைப் பார்த்தால் தெரியும்

1758இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் வகுத்த முறைப்படி ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு சொற்களில் பெயர். முதற் சொல் சாதியைக் குறிக்கும், இரண்டாவது சொல்லோடு சேர்ந்து இனத்தைக் குறிக்கும். சாதிகள் சேர்ந்து குடும்பம், குடும்பங்கள் சேர்ந்து வருணம். வருணம், சாதி என்ற இந்தச் சொற்களை நம் நாட்டு விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் கண்டதும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் சங்கடமும் வந்தன. மொழிபெயர்த்தவர்களுக்கு வேறு சொல் கிடைக்காமலா போயிற்று! அது நிற்க. எறும்புகள் எல்லாம் ஒரே குடும்பம். உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட எறும்பு இனங்கள் 14,000க்கும் மேல். இவற்றைப் பதினாறு உபகுடும்பங்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

ஒரு எறும்பு கையில் கிடைத்தால் முதலில் அதன் இடுப்பைப் பார்க்க வேண்டும். நெஞ்சுக்கும் பின்வயிற்றுக்கும் இடையில் மெல்லிய காம்பு போன்ற பகுதியில் முடிச்சுப் போல் ஒன்று இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா? பிறகு வயிற்றின் நுனி. அங்கே கொடுக்கு இருக்கிறதா, அல்லது அமிலம் பீச்சும் வட்டமான துளை இருக்கிறதா, அல்லது வெறும் கீற்றுப் போன்ற பிளவா? அதன்பின் உணர்கொம்பில் எத்தனை கணு, தாடையில் எத்தனை பல், கண் எங்கே இருக்கிறது, முதுகில் முள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். நிறம் கடைசியில்தான் வரும். கறுப்பா சிவப்பா என்று நாம் முதலில் கேட்கிறோம், அவர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. ஒரே கூட்டில் கறுத்ததும் வெளுத்ததும் இருக்கலாம், இளம் எறும்பு வெளிறி இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை கைவில்லையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். வெள்ளைத் தாளில் எறும்பை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு முடிச்சு, மிஸ்."

"நல்லாப் பாரு."

"ரெண்டுதான். வால்ல ஒரு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு."

இரண்டு முடிச்சும் கொடுக்கும் உடைய நம் பக்கத்து எறும்புகள் பெரும்பாலும் மிர்மிசினே என்னும் உபகுடும்பத்தைச் சேர்ந்தவை. எறும்புகளின் உபகுடும்பங்களுள் மிகப் பெரியதும் அதுதான். சாதியையும் இனத்தையும் சொல்ல நுணுக்குக்காட்டி வேண்டும், பழகிய கண்ணும் வேண்டும். இருந்தாலும் பதினாறு வீடுகளில் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒரு தோட்டத்துச் சிறுமி கைவில்லையை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாளே!

சிவனொளிபாதத்தின் அடிவாரத்தில்

இந்தத் தேடலில்தான் நம் நாட்டு எறும்பு ஒன்றின் கதை என் கண்ணில் பட்டது. பாடசாலையில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உங்களில் பலருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1892ஆம் ஆண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் யூஜின் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் இலங்கைக்கு வந்தார். அவர் சிலந்தி ஆராய்ச்சியாளர். சிலந்தி தேடியவரின் கையில் எறும்புகளும் அகப்பட்டன. அவற்றை இத்தாலியில் பொலோனாப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கார்லோ எமரியிடம் ஒப்படைத்தார்கள். அக்காலத்தில் எறும்பை அறிந்தவர்களில் எமரி முன்னணியில் நின்றவர். 1893இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் சின்னஞ்சிறிய மஞ்சள் நிற எறும்பு ஒன்றுக்கு அனியூரெட்டஸ் சிமோனி என்று பெயர் சூட்டினார். பின்பெயர் கொண்டுவந்தவருக்கு மரியாதை. முன்பெயரை ஒத்த கிரேக்கச் சொல்லுக்குக் 'கண்டுபிடிக்கப்படாதது' என்று பொருள்.

பெயர் பலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த எறும்பை உயிரோடு ஆராய்ந்தவர் எவரும் இல்லை.

ஏன் அதற்காக இவ்வளவு அக்கறை? இடுப்பில் ஒரே முடிச்சும் உடலமைப்பில் வேறு சில அடையாளங்களும் அதை டொலிகொடெரினே என்ற உபகுடும்பத்தின் பக்கம் இழுத்தன. ஆனால் அந்த உபகுடும்பத்து எறும்புகளுக்குக் கொடுக்கு தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது. இதற்கோ குளவி மூதாதையரிடமிருந்து வந்த கொடுக்கு முழுசாக இருந்தது. இங்கேயும் சேராமல் அங்கேயும் சேராமல் நடுவில் நின்றது. ஐரோப்பாவின் பால்டிக் கடலோரத்தில் அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினுக்குள் ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்கிய எறும்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் சில இந்த எறும்பின் சொந்தக்காரர்கள். வட அமெரிக்காவின் பழம்பாறைகளிலும் சொந்தக்காரர்களின் பதிவுகள் உண்டு. ஒரு காலத்தில் உலகின் பல பாகங்களில் பரவியிருந்த குலம் மற்ற இடங்களில் எல்லாம் அழிந்து, கடைசியாக ஒரே ஒரு இனம் மட்டும் இந்தத் தீவில் மிஞ்சியிருக்கிறது.

1955இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து எட்வர்ட் வில்சன் என்ற இளைஞர் அதைத் தேடி இலங்கைக்கு வந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்று, 2021 டிசம்பரில் காலமானவர் இவர்தான். சிறுவயதில் மீன் பிடிக்கும்போது மீன்முள் குத்தி வலது கண்ணின் பார்வையை இழந்தவர். செவிப்புலனும் குறைவு. தூரத்துப் பறவையைப் பார்க்கவும் அதன் குரலைக் கேட்கவும் முடியாத அவர், மிஞ்சிய ஒரு கண்ணால் மிக அருகில் வைத்துப் பார்க்கக்கூடிய எறும்பைத் தேர்ந்தெடுத்தார். அங்கவீனமுள்ள பிள்ளைகளின் பெற்றோரைச் சந்திக்கும்போது இப்போதெல்லாம் இவரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் கண்டியில் உடவத்தகலைக் காட்டில் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு இரத்தினபுரிக்குப் போனார். அங்கே நிலத்தில் கிடந்த உள்ளீடற்ற சுள்ளி ஒன்றை எடுத்து முறித்தார். மஞ்சள் எறும்புகள் அவர் கையில் ஓடின. அறுபது ஆண்டுகளாக அருங்காட்சியகப் பெட்டியில் ஊசியில் மட்டுமே இருந்த எறும்பு, உலர்ந்த சுள்ளிக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது! அதன்பின் கிலிமலைக் காட்டிலும் அதைக் கண்டு ஆராய்ந்தார்.

கிலிமலை எங்கே என்று கேட்பவர்களுக்கு: நம் பக்கத்தார் சிவனொளிபாதமலைக்கு ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்று ஏறுகிறோம். இரத்தினபுரிப் பக்கத்தார் பலாபத்தலை வழியாக ஏறுகிறார்கள். அந்தப் பாதையில் இருப்பதுதான் கிலிமலை. எத்தனை இலட்சம் யாத்திரிகர்கள் அந்தச் சுள்ளிகளை மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள்!

1956இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் வில்சனோடு மூவர் கூட்டாக எழுதினார்கள். உள்ளுறுப்புகளைத் தோமஸ் ஐஸ்னர் ஆராய்ந்தார். குடம்பிகளை, அதாவது எறும்பின் புழுப் பருவத்தை, ஜோர்ஜ் வீலரும் அவருடைய மனைவி ஜெனட் வீலரும் ஆராய்ந்தனர். வளர்ந்த எறும்பையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், எறும்புக் குஞ்சைக் கொண்டும் உறவைச் சொல்ல முடியும் என்று இந்தத் தம்பதியர் பல ஆண்டுகள் உழைத்துக் காட்டினார்கள். பின்னர் மரபணு ஆராய்ச்சிகள் வந்தபோது, இந்த எறும்பு டொலிகொடெரினேயின் உடன்பிறந்த கிளை என்பது உறுதியாயிற்று. அதற்கென்று அனியூரெட்டினே என்ற தனி உபகுடும்பம். அதில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரே இனம்.

1980களில் வில்சனின் மாணவியான அனுலா ஜயசூரிய என்ற இலங்கைப் பெண் மறுபடியும் அதைத் தேடிச் சென்றார். அவரும் ஜேம்ஸ் டிரானியெல்லோவும் சேர்ந்து 1985இல் அதன் வாழ்க்கை முறையைப் பற்றி எழுதினார்கள். உக்கிய மரத்துண்டிலும் சுள்ளியிலும் சிறு சிறு கூட்டமாக வாழ்கிறது, ஈரமான நிழற்காடு அதற்கு வேண்டும், காடு வெட்டுண்டு வெளிச்சம் விழுந்தால் அது நிலைக்காது. 1996இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. யானைக்கும் சிறுத்தைக்கும் இருக்கும் பட்டியலில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள ஓர் எறும்பு!

களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை ஸ்ரீயானி டயஸ் நம் நாட்டு எறும்புகளை வகைப்படுத்துவதில் பல ஆண்டுகளாக ஈடுபட்டவர். அவரும் வேறு உள்நாட்டு ஆய்வாளர்களும் தேடித் தேடி, தென்மேற்கு ஈரவலயக் காடுகள் சிலவற்றில் இந்த எறும்பு இன்னும் வாழும் புதிய இடங்களைக் கண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது.

தகப்பனுக்கு ஒரு பெயர், தாய்க்கு ஒரு பெயர்

இனி ஆபிரிக்கக் காட்டு எறும்பு ஒன்றின் விடயம். இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆபிரிக்கக் காடுகளில் படை எறும்பு என்று ஒன்று உண்டு. ஒரே கூட்டத்தில் பல இலட்சம், சில இனங்களில் கோடிக்கும் மேல். வேலைக்காரிகளுக்குக் கண்ணே கிடையாது. நிலத்தில் கறுப்பு ஆறு போல வரிசையாக வரும். வீட்டுக்குள் புகுந்தால் மனிதர் வெளியேறிவிடுவார்கள், திரும்பி வரும்போது மூட்டைப்பூச்சியும் கரப்பானும் மிஞ்சாமல் வீடு துப்புரவாக இருக்கும் என்பார்கள். ராணி இரண்டு அங்குலம் வரை வளரும். எறும்புகளில் மிகப் பெரியது அதுதான். ஆணோ பருத்த குளவி போல, பெரிய கண்ணும் சிறகுமாக இரவில் விளக்கைத் தேடி வரும்.

இந்த மூவரையும் ஒன்றாகப் பார்க்காமல் தனித்தனியாகப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? 1764இல் லின்னேயஸ் ஆணைக் குளவி என்றே எழுதிவிட்டார். 1793இல் பப்ரிசியஸ் அந்த ஆண்களுக்கு டோரிலஸ் என்று சாதிப் பெயர் வைத்தார். 1840இல் ஷக்கார்ட் வேலைக்காரிக்கு அனோமா என்று வேறு பெயர் கொடுத்தார். 1863இல் கெர்ஸ்டேக்கர் ஜாவாத் தீவிலிருந்து வந்த இதே வகை ராணி ஒன்றுக்கு டிக்தாடியா என்று மூன்றாவது பெயரைக் கொடுத்தார். தாய் ஒரு பெட்டியில், தகப்பன் ஒரு பெட்டியில், பிள்ளைகள் ஒரு பெட்டியில். வரிசையோடு நடந்த ஆண்களையும் கூட்டின் நடுவில் இருந்த ராணியையும் நேரில் கண்ட பிறகே இவை யாவும் ஒரே குடும்பம் என்பது உறுதிப்பட்டது. முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது விதி. ஆகவே இன்று எல்லாம் டோரிலஸ். அதே சாதியைச் சேர்ந்த இனம் ஒன்று தெற்காசியாவிலும் உண்டு. மண்ணுக்கடியில் வாழும் அது இந்தியாவிலும் நேபாளத்திலும் உருளைக்கிழங்கைத் துளைத்து நாசம் செய்கிறது.

நான் ஏன் யோசித்தேன் என்றால், என் அன்றாட வேலையே இதுதான். நெருப்புப்பெட்டி கொண்டுவந்த பிள்ளையின் அப்பாயியை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்று ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கப் போனபோது, பிறப்புப் பதிவில் ஒரு பெயர், தோட்டத்துப் பேரேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். ஒரு எழுத்து கூடிய பெயர், ஒரு எழுத்து குறைந்த பெயர், புருஷன் பெயரோடு ஒட்டிய பெயர். மொழி தெரியாத எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதியதும் உண்டு, கங்காணி சொன்னபடி எழுதியதும் உண்டு. "மூணு பேரு பேருல மூணு பேரா நின்னேன்" என்று அவர் சொல்வார். மூன்று பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, பணம் கைக்கு வர ஒன்றரை வருடம் சென்றது. அதற்குள் அவருடைய புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நம்மவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லர் என்று ஆக்கப்பட்டார்கள். மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. இடையில் இருந்த ஐம்பத்தைந்து வருடங்களில் காகிதத்தில் நடந்த குளறுபடிகளை இன்றைக்கும் எங்களைப் போன்றவர்கள் அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம். எறும்பு நூலில் எழுதியிருப்பதைப் பார்த்தால், பிழையான பெயரை அவர்கள் அழிப்பதில்லை. யார், எந்த ஆண்டு, எதைப் பார்த்துப் பிழையாக வைத்தார் என்பதையும் எழுதி, இதுவும் அதுவும் ஒன்றே என்று பக்கத்திலேயே பதிகிறார்கள். பதிவாளர்களிடம் இதைச் சொல்லலாம் என்று எனக்கு ஆசை.

பெயர் பிழைத்தால்

"பேரு தெரிஞ்சு என்னாத்துக்கு" என்று அப்பாயி கேட்டதற்குத் தேயிலை மலையிலேயே பதில் இருக்கிறது. கொழுந்தோடு இலைகளை ஒட்டிச் சுருட்டித் தின்னும் ஹொமோனாப் புழு ஒரு காலத்தில் மலைநாட்டுத் தேயிலையைப் பாழாக்கியது. 1935-36இல் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்ற சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்தப் புழுவைத் தேடி அதனுள் முட்டையிடும். புழுவின் தொல்லை பெருமளவு அடங்கியது. எந்தப் புழு, எந்தக் குளவி என்று சரியாகப் பிரித்தறிந்ததால்தான் அது முடிந்தது. வேறு குளவியைக் கொண்டுவந்திருந்தால் செலவுதான் மிச்சம்.

இன்னொன்று உங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டது. மலையில் பெண்களைக் 'குளவி' கொட்டியது என்று செய்தி வராத மாதம் இல்லை. நாம் எல்லாவற்றையும் குளவி என்கிறோம். பல வேளைகளில் கொட்டியது குளவியே அல்ல, உயர்ந்த மரத்திலும் பாறையிலும் ஒற்றை அடை கட்டித் தொங்கும் மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். காகிதம் போன்ற கூட்டில் இருந்து வருவது தெபரா, அதுதான் குளவி. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நின்று நஞ்சைத் தொடர்ந்து செலுத்தும். அதை நகத்தாலோ எதனாலோ தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும். குளவி கொடுக்கை விட்டுச் செல்லாது, ஒன்றே பல தடவை கொட்டும். கொட்டிய தேனீயின் வாசனை மற்றத் தேனீக்களையும் அழைக்கும் என்பதால் நின்ற இடத்தில் நின்று அடித்துக் கொல்லப் பார்க்காமல் அங்கிருந்து விலகி ஓட வேண்டும். எதுவானாலும் பல இடங்களில் கொட்டியிருந்தால், அல்லது மூச்சுத் திணறல், தலைச்சுற்று, முகவீக்கம் இருந்தால், கொழுந்து நிறுக்கும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மலைத்தேனீ அடை தொங்கும் மலைக்கு எந்த நாளில் ஆள் அனுப்புவது என்று தீர்மானிப்பவர்களும் இந்த வித்தியாசத்தை அறிந்திருந்தால் நல்லது.

மறுபடியும் நெருப்புப்பெட்டி. எறும்பைப் பத்திரமாக வைக்கும் முறையையும் ஆசிரியை சொல்லித் தந்தார். வெறும் பெட்டியில் வைத்தால் மற்ற எறும்புகளே வந்து தின்றுவிடும். சிறிய மருந்துப் போத்தலில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட வேண்டும். உள்ளேயே ஒரு சிறு காகிதத் துண்டும் போட வேண்டும். பேனையால் எழுதினால் மை கரைந்துவிடும், பென்சிலால்தான் எழுத வேண்டும். எங்கே, எந்தத் திகதி, என்ன இடத்தில், யார் எடுத்தது. இந்தக் காகிதம் இல்லாத எறும்பு, எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும், ஆய்வுக்கு அவ்வளவாகப் பயன்படாது. இத்தாலியின் ஜெனோவா அருங்காட்சியகத்தில் எமரியின் சேகரிப்பை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்த எறும்புகளோடும் இப்படிப்பட்ட துண்டுகள் இருப்பதால்தான் நூறு ஆண்டு கடந்தும் அவற்றைக் கொண்டு பேச முடிகிறது. இன்னொரு விடயத்தையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். வீட்டுத் தோட்டத்திலும் பாடசாலை வளவிலும் தேடலாம், பக்கத்துக் காட்டு ஒதுக்கிடத்தில் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது.

அவள் மேசையில் குனிந்து துண்டுக் காகிதத்தில் மணி மணியாக எழுதினாள். கந்தப்பளை. கரட் பாத்தி, கல்லுக்கடியில். திகதி. 'எடுத்தவர்' என்று எழுதியதும் பென்சில் நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"எந்தப் பேரை எழுதுறது மிஸ்? பர்த் சேர்ட்டிபிக்கட்ல இருக்கிறதையா, ஸ்கூல் ரெஜிஸ்டர்ல இருக்கிறதையா?"

வாசலில் குந்தியிருந்த அப்பாயி திரும்பிப் பார்த்தார். நான் அந்த இரண்டையும் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னேன்.